சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: ராத்திரி 2 மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் தயாரா?

இரண்டாவது உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த வாரத்திலேயே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். "மொதல்ல ஆபரேஷன்தானே? அப்ப இதுவும் ஆபரேஷன்தான்." சொல்வது மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், பல நேரம் டாக்டராகவே இருக்கலாம். கேட்கும் பெண்ணுக்கோ மனசுக்குள் ஒரு கேள்வி: நார்மலுக்கு முயற்சி செய்யவே கூடாதா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எழும் என்பதை யோசித்துப் பாருங்கள். 2019–21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. நம் மாநிலத்தின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64 சதவீதத்தை நெருங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் 36. அதாவது முதல் குழந்தையைப் பெற்றுவிட்டு வீடு திரும்பும் பெண்களில் பெரிய கூட்டம் வயிற்றில் தையலோடுதான் திரும்புகிறது. அடுத்த பிரசவம் வரும்போது அந்தத் தையல்தான் முதல் பேச்சு.

'ஒரு தரம் சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்பது நம் ஊர்ப் பாட்டிகள் கண்டுபிடித்த விதி இல்லை. 1916-ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர் சொன்னது. அவர் சொன்ன சந்தர்ப்பமே வேறு. முதல் சிசேரியனை யோசிக்காமல் செய்துவிடாதீர்கள், பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கத்திக்குக் கீழே போக வேண்டியிருக்கும் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அதைச் சொன்னார். விதிவிலக்கு உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். எச்சரிக்கை மறைந்துபோய் விதி மட்டும் நூறு வருடமாக நிற்கிறது.

அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். பிரசவ வலி என்பது அந்த மேல்பகுதித் தசை சுருங்குவதுதான். ஒவ்வொரு வலிக்கும் மேல்பாகம் இறுகித் தடிக்கும், கீழ்ப்பாகம் விரிந்து மெலிந்து குழந்தைக்கு வழிவிடும். வேலை செய்கிற தசையிலேயே தழும்பு இருந்தால் வலி வலுக்கும்போது அது பிரிய வாய்ப்பு அதிகம். பழைய நெடுக்குத் தழும்பு பிரசவ வலியில் 100 பேரில் 4 முதல் 9 பேருக்குப் பிரிகிறது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் சொல்லப்பட்ட கணக்கு.

1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். மெல்ல மெல்ல உலகம் முழுவதும் அதற்கு மாறியது. இன்று நம் ஊரில் நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான். அதில் தழும்பு பிரியும் வாய்ப்பு, தானாக வலி வந்து முயன்றால், 200-ல் ஒன்று. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தரும் எண் இது. முயற்சி செய்கிறவர்களில் 72 முதல் 75 சதவீதம் பேர் நார்மலாகவே பெறுகிறார்கள். ஏற்கெனவே ஒரு முறையாவது நார்மலாகப் பெற்றிருந்தால் அது 85–90 வரை போகிறது.

200-ல் ஒன்று பெரிதா சிறிதா? இதற்கு எண் மட்டும் பதில் சொல்லாது. அந்த ஒன்று எங்கே நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தழும்பு பிரிந்தால் பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் இதயத்துடிப்பு. லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் நடந்த கர்ப்பப்பை பிரிந்த சம்பவங்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வந்தது. அதுவரை சீராக இருந்த இதயத்துடிப்பு விழுந்து மீளாமல் இருக்கத் தொடங்கியதிலிருந்து 17 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்ட எந்தக் குழந்தைக்கும் பெரிய பாதிப்பு வரவில்லை என்றது அது. 17 நிமிடம்! அதற்குள் ஒருவர் கவனித்திருக்க வேண்டும், டாக்டர் வந்திருக்க வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர் வந்திருக்க வேண்டும், தியேட்டர் விளக்கு எரிய வேண்டும். பகல் பதினோரு மணிக்கு இது நடக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றதெல்லாம் தெளிவாகும். அமெரிக்காவில் நடந்த கதையும் இதுதான். 1980-ல் அங்கே தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, கீழ்க்கீறல் உள்ள பெண்கள் நார்மலுக்கு முயலலாம் என்றது. அதன் பிறகு வேகம் பிடித்து, 1996-ல் சிசேரியனானவர்களில் 28 சதவீதம் பேர் அடுத்ததை நார்மலாகப் பெற்றார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அது லாபம் என்பதால் வேண்டாம் என்றவர்களையும் தள்ளினார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. வலி வரவழைக்க மருந்துகளையும் தாராளமாகப் போட்டார்கள். தழும்பு பிரிந்த செய்திகள், வழக்குகள் எல்லாம் வரிசையாக வந்தன. 1999-ல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் சங்கம், அவசர அறுவைக்கு மருத்துவர் 'உடனடியாகக் கிடைக்க வேண்டும்' என்று விதியை இறுக்கியது. சின்ன மருத்துவமனைகள் இந்த முயற்சிக்குக் கதவைச் சாத்தின. பத்தே வருடத்தில் 28 சதவீதம் பத்துக்கும் கீழே இறங்கியது. பெண்களின் உடம்பு பத்து வருடத்தில் மாறிவிடவில்லை. இடம்தான் இல்லாமல் போனது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஒரு சிறு நகரத்து நர்சிங் ஹோமை எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு டாக்டர் ஒருவர்; பெரும்பாலும் மாடியிலேயே வீடு. மயக்க மருந்து டாக்டர் அங்கே இருப்பவர் இல்லை, ஊரில் ஐந்தாறு மருத்துவமனைகளுக்கு அழைத்தால் வருபவர். ரத்தம் வேண்டுமென்றால் பக்கத்து ஊர் ரத்த வங்கிக்கு ஆள் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து "எனக்கு நார்மல் பாருங்க டாக்டர்" என்று கேட்டால் அவர் மறுக்கிறார். வெளியே வந்து, காசுக்காகத்தான் ஆபரேஷன் என்கிறார் என்று பேசிக்கொள்கிறோம். காசுக்காகச் செய்பவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் "முடியாது" என்பது பெரும்பாலும் நேர்மையான பதில். பன்னிரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க அவரால் முடியாது; 17 நிமிடக் கணக்கும் அங்கே செல்லாது. "பாத்துக்கலாம் வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரைவிட, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்பவர் மேல்.

மறுபக்கம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உள்ள சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களிலும் இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவமும் அறுவையும் நடக்கும் ஏற்பாடு, ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். நெரிசலும் இருக்கும், லேபர் வார்டில் அதட்டலும் இருக்கலாம். தழும்போடு வலி எடுப்பவரைப் பொறுத்தவரை அந்த வளாகத்தின் மதிப்பு தனி. பெரிய நகரங்களில் குழுவாக மருத்துவர்கள் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனைகளும் இதைச் செய்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தவர்களை எப்படியும் அதிக ஆபத்துப் பிரிவில் சேர்த்து மேலே அனுப்புவார்கள். அது சரியான நடைமுறைதான். வீட்டில் பார்த்துக்கொள்ளும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கும்போது "எனக்கு நார்மல் ஆகுமா?" என்று கேட்டால் "பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். வேறு கேள்விகள் கேளுங்கள். ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருப்பாரா? முடிவெடுத்ததிலிருந்து தியேட்டருக்குப் போக எவ்வளவு நேரமாகும்? வலி முழுக்க குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க மிஷின் உண்டா? இதற்கு முன் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறீர்கள்? நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யார்? இதற்கெல்லாம் கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி ஒரு காகிதத்தில் இருக்கிறது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் முதல் சிசேரியன் நடந்தது ஒரு ஊரில். இப்போது காட்டிக்கொண்டிருப்பது புகுந்த ஊரில். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி அம்மா வீட்டு பீரோவில், பிறப்புச் சான்றிதழோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அல்லது தடுப்பூசி அட்டைக்குள் இருக்கும். அல்லது எங்குமே இருக்காது. இரண்டாவதுக்குப் பதிவு செய்யும்போதே அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மருத்துவமனைக்கே யாரையாவது அனுப்பி, அட்மிஷன் நம்பர் கொடுத்து, நகலும் அறுவைக் குறிப்பும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது மாதத்தில் இது சாதாரண வேலை. ஒன்பதாவது மாதத்தில் வலியோடு வந்து நிற்கும்போது யாராலும் முடியாது.

அதில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் கீறல். 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதியிருந்தால் அது கீழ்ப்பகுதிக் கீறல். வயிற்றின் மேல்தோலில் குறுக்காகத் தழும்பு இருக்கிறதே, அதை வைத்து உள்ளேயும் அப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது. தோல் தழும்பும் கர்ப்பப்பைத் தழும்பும் வேறு வேறு திசையில் இருக்கலாம். குறைமாதக் குழந்தை, குறுக்காகக் கிடந்த குழந்தை போன்ற சில அவசரங்களில் கீறலை மேலே நீட்டியிருப்பார்கள். அது அறுவைக் குறிப்பில்தான் தெரியும். அப்படியிருந்தால் நார்மல் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். முன்பு ஒரு முறை கர்ப்பப்பை பிரிந்திருந்தாலும், இந்த முறை நஞ்சுக்கொடி கீழே வந்து வாயை மூடியிருந்தாலும் அதே முடிவுதான்.

அடுத்தது காரணம். இங்கேதான் வீட்டு நினைவும் காகிதமும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். ஏன் ஆபரேஷன் ஆச்சு என்று கேட்டால் "கொடி சுத்தியிருந்துச்சு", "தண்ணி வத்திடுச்சு", "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு", "வலியே வரல" என்பார்கள். காகிதத்திலோ குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று இருக்கும், அல்லது வலி வரவழைத்தும் பலனில்லை என்று இருக்கும், அல்லது தலை இறங்கவில்லை, இடுப்பெலும்பு போதவில்லை என்று இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் முதல் சிசேரியன் நடந்திருந்தால், அடுத்த முறை முயல்பவர்களில் 84 சதவீதம் பேர் நார்மலாகப் பெறுகிறார்கள். குழந்தைக்கு ஆபத்து என்று எடுத்திருந்தால் 73. வலி எடுத்தும் முன்னேறவில்லை என்று எடுத்திருந்தால் 64. கடைசி எண்ணையும் கவனியுங்கள்: "உனக்கு இடுப்பெலும்பு சின்னது" என்று ஒரு முறை சொல்லப்பட்டவர்களிலும் பலருக்கு அடுத்தது நார்மலாகிறது. முதல் தடவை குழந்தையின் தலை இருந்த கோணம் வேறாக இருந்திருக்கலாம், வலிக்கு நேரம் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

இடைவெளி, எடை, சர்க்கரை இவையும் கணக்கில் வரும். முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் தழும்பு பிரியும் வாய்ப்பு கூடுகிறது. உடல் எடை அதிகமானாலோ குழந்தை 4 கிலோவைத் தாண்டினாலோ வெற்றி வாய்ப்பு குறைகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நம்மிடையே சாதாரணமாகிவிட்டதால் அந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

ஸ்கேனில் "தையல் மெலிசா இருக்கு" என்று சொல்வதைக் கேட்டுப் பயந்து முடிவை மாற்றுபவர்கள் நிறைய. கீழ்ப்பகுதி மெலிந்திருந்தால் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கூடாது என்று உலகம் ஒத்துக்கொண்ட கோடு எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

இனி, நார்மலுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்ற நியாயமான கேள்வி. இரண்டு பக்கத்தையும் எடைபோட வேண்டும். நார்மலாக முடிந்துவிட்டால் தாய்க்கு மொத்தத்தில் சிக்கல் குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம், ஏற்கெனவே ஓடியாடும் மூத்த குழந்தையைத் தூக்கலாம். முயன்று முடியாமல் பாதியில் அவசர சிசேரியனானால்தான் ரத்தப்போக்கும் காய்ச்சலும் தொற்றும் அதிகம். முன்பே தேதி வைத்துச் செய்யும் சிசேரியன் அதைவிடப் பாதுகாப்பு. குழந்தையைப் பொறுத்தவரை, முயற்சியின்போது பிரசவம் சார்ந்து இறக்கும் ஆபத்து 10,000-ல் 4. தேதி வைத்த சிசேரியனில் 10,000-ல் 1. நான்கு மடங்கு என்று சொன்னால் பயமாக இருக்கும். முதல் குழந்தையை நார்மலாகப் பெற வரும் எந்தப் பெண்ணுக்கும் அதே 4 ஏறக்குறைய உண்டு என்று சேர்த்துச் சொன்னால் அளவு புரியும்.

மேலை நாட்டுக் கட்டுரைகள் நார்மலுக்குச் சொல்லும் மிகப் பெரிய காரணம் அடுத்தடுத்த கர்ப்பங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்கும் பின்னால் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிப் புதையும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். நஞ்சுக்கொடி கீழே மூடியிருந்து, அது மூன்றாவது சிசேரியனாகவும் இருந்தால் 100-ல் 40 பேருக்கு இப்படி ஆகிறது என்று 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும் நிலை அது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அவர்களுக்கு இந்த வாதத்தின் கனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மூன்றாவது வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் இதைத் தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதன் மறுமுனையில் இன்னொரு காரணம் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. "ஆபரேஷனோட சேர்த்து குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம், ரெண்டு தடவை படுக்க வேண்டாம்." நம் வீடுகளில் இரண்டாவது சிசேரியனுக்கு இது எவ்வளவு வலுவான காரணம் என்பது லேபர் வார்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். சிசேரியன் எப்படியும் நடக்கிறதென்றால் சேர்த்துச் செய்வது சரிதான். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவே சிசேரியன் என்பதுதான் தலைகீழ். நார்மல் பிரசவம் முடிந்த ஏழு நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறலில் அதைச் செய்துவிட முடியும். கணவருக்குச் செய்வது இன்னும் எளிது என்பதை யாரும் சொல்வதில்லை, சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

நார்மலுக்கு முயல்வது என்று முடிவானால் அந்த நாள் எப்படி இருக்கும்? தானாக வலி வரக் காத்திருப்பார்கள். வலி தொடங்கியதும் வீட்டில் நடந்து, கஷாயம் குடித்து நேரம் கடத்தக் கூடாது. முதல் ஒழுங்கான வலிகளிலேயே, பனிக்குடம் உடைந்தால் உடனேயே, போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றி வைப்பார்கள், ரத்த மாதிரி எடுத்து வகை பொருத்தி வைப்பார்கள், வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள். அடிவயிற்றைத் தையலுக்கு மேல் அழுத்தி வலிக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டு வலிக்கு நடுவிலும் விடாத வலி, ரத்தப்போக்கு, ஓடிக்கொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோவது, சிறுநீரில் ரத்தம் இவையெல்லாம் அவர்கள் தேடும் அறிகுறிகள். பெண்ணும் கூட இருப்பவரும் தெரிந்து வைத்திருந்தால் சொல்லத் தோன்றும். முதுகில் போடும் வலிநிவாரண ஊசிக்குத் தடை இல்லை.

தேதி தாண்டியும் வலி வராவிட்டால்தான் சிக்கல். வழக்கமாக நம் ஊரில் வலி வரவழைக்கக் கர்ப்பப்பை வாயில் ஜெல் மருந்து வைப்பார்கள். தழும்பு உள்ளவருக்கு அது வேறு கதை. வாஷிங்டன் மாநிலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2001-ல் வந்த ஆய்வில், பிரசவ வலி வராமலேயே சிசேரியன் செய்துகொண்டவர்களில் 1,000-ல் 1.6 பேருக்குத் தழும்பு பிரிந்திருந்தது. தானாக வலி வந்தவர்களில் 5.2. ஜெல் வகை மருந்துகள் இல்லாமல் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 7.7. அந்த மருந்துகளைப் போட்டு வரவழைத்தவர்களில் 24.5. வலி வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இவர்களுக்கு நிறைமாதத்தில் கூடவே கூடாது என்பதில் மருத்துவ உலகம் ஒன்றாக நிற்கிறது. கர்ப்பப்பை வாயை மெல்ல விரிக்க ஃபோலி பலூன் வைப்பது உண்டு. வலி வரவழைக்கும் ட்ரிப்ஸையும் மிக அளந்துதான் போட வேண்டும். 40 வாரம் தாண்டினால் என்ன செய்வீர்கள், எதுவரை காத்திருப்பீர்கள் என்பதை 36-வது வாரத்திலேயே டாக்டரிடம் பேசி, அட்டையில் எழுதச் சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் ட்யூட்டியில் இருப்பவர் உங்களை முன்பின் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அந்த எழுத்துதான் பேசும்.

எல்லாம் யோசித்துவிட்டு சிசேரியனே வேண்டும் என்று முடிவெடுக்கும் பெண்ணும் ஒரு குறையும் இல்லாத முடிவைத்தான் எடுக்கிறார். அப்போது பார்க்க வேண்டியது தேதி ஒன்றுதான். வேறு மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடிந்த பிறகு. 39-ல் எடுக்கும் குழந்தைகளில் 4–5 சதவீதத்துக்கு மூச்சு வாங்கும் சிக்கல் வருகிறது. 38-லேயே எடுத்தால் அது 6 ஆகிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நட்சத்திரம் 37-வது வாரத்தில் விழுந்தால் அடுத்த நல்ல நாளைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள், பஞ்சாங்கத்தில் நாளுக்கா பஞ்சம். அந்தத் தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது, எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் போவது என்பதும் அன்றைக்கே முடிவாகட்டும். அப்படி வந்து, பார்க்கும்போது வாய் ஏற்கெனவே நன்றாகத் திறந்து, தலையும் இறங்கியிருந்தால், அந்த இடத்தில் முழு ஏற்பாடும் இருந்தால், நார்மலுக்கே விட்டுப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்கக்கூடும். அதற்கான பதிலையும் கணவன் மனைவி இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வலியின் நடுவில் வராண்டாவில் நின்று பத்துப் பேர் கூடிப் பேசி முடிவெடுக்கிற விஷயமில்லை அது.